பிரெடரிக் செலூஸ்

பிரெடரிக் கோர்ட்னி செலூஸ் (டிசம்பர் 31, 1851 – ஜனவரி 4, 1917) பிரித்தானிய வேட்டைக்காரரும் நாடுகாண் பயணியும் எழுத்தாளரும் படை அதிகாரியும் ஆவார். 1871 முதல் ஏறத்தாழ 20 ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவிலும், இன்றைய சிம்பாப்வே, போட்சுவானா, சாம்பியா ஆகிய நாடுகளுக்குள் அடங்கும் நிலப்பகுதிகளிலும் வேட்டையாடி வாழ்ந்தார். யானை வேட்டையின் மூலமே இவரது பெயர் பரவியது. ஆனால் தந்தம் இவருக்குப் பணத்தை மட்டுமே தந்தது. காட்டில் இவருக்கும் இவருடன் சென்றவர்களுக்கும் நாள்தோறும் உணவாக இருந்தது ஈலாந்து, கூடூ, சேபிள், ரோன் போன்ற பெரிய மறிமான்களின் இறைச்சியே. வேட்டையின்போது இவர் அறிந்துகொண்ட வழிகள் பின்னாளில் பிரித்தானியக் குடியேற்றத்திற்குப் பயன்பட்டன. இதனால் ஆப்பிரிக்க வரலாற்றில் இவரது இடம் இன்றளவும் விவாதத்திற்குரியதாக உள்ளது.

பிறப்பும் இளமையும்

செலூஸ் இலண்டனில் ரீஜண்ட்ஸ் பூங்காவை அடுத்த பகுதியில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். இவரது முன்னோர் பிரான்சிலிருந்து சமயக் காரணங்களுக்காக வெளியேறிய இயுகனோ வழியினர். தந்தை இலண்டன் பங்குச் சந்தையின் தலைவராக இருந்தவர். தாய் கவிதைகள் எழுதி வெளியிட்டவர். தம்பி எட்மண்ட் செலூஸ் பின்னாளில் பறவையியலாளராகப் புகழ் பெற்றார். அண்ணன் விலங்குகளைச் சுட்டுச் சேகரித்தவர். தம்பியோ பறவைகளைச் சுடாமல் கவனித்து ஆராய வேண்டும் என்று வலியுறுத்தியவர்.

சிறு வயதிலேயே ஆப்பிரிக்கப் பயண நூல்களில் இவருக்கு நாட்டம் ஏற்பட்டது. டேவிட் லிவிங்ஸ்டனின் நூல்களும் வில்லியம் சார்லஸ் பால்ட்வினின் வேட்டை நூலும் இவரைப் பெரிதும் ஈர்த்தன. பள்ளி விடுதியில் படுக்கையை விட்டுவிட்டு வெறும் தரையில் படுத்திருந்த சிறுவனைத் தலைமையாசிரியர் விசாரித்தபோது, பிற்காலத்தில் ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரனாக வாழ வேண்டியிருப்பதால் இப்போதே பழகிக்கொள்வதாகச் சிறுவன் விடையளித்ததாக இவரது வாழ்க்கை வரலாற்றில் கூறப்பட்டுள்ளது. ரக்பி பள்ளியில் படித்த காலத்தில் பறவை முட்டைகளைத் திருட்டுத்தனமாகச் சேகரிப்பதில் பெயர் பெற்றிருந்தார்.

1867 ஜனவரி 15 அன்று ரீஜண்ட்ஸ் பூங்கா ஏரியின் பனிக்கட்டி உடைந்து, சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தவர்களில் 40 பேர் இறந்தனர். அப்போது 15 வயதினராக இருந்த செலூஸ், மிதந்த பனிக்கட்டிகளின் மேல் படுத்தபடியே ஊர்ந்து கரை சேர்ந்தார். பள்ளிப் படிப்பிற்குப் பின் சுவிட்சர்லாந்து, செருமனி, ஆஸ்திரியா ஆகிய நாடுகளுக்கு அனுப்பப்பட்டார். மருத்துவராக வேண்டும் என்பது குடும்பத்தாரின் விருப்பம். அது நிறைவேறவில்லை.

ஆப்பிரிக்கா செல்லல்

1871 செப்டம்பர் 4 அன்று, 19 வயதில், 400 பவுண்டு பணத்துடன் செலூஸ் தென்னாப்பிரிக்காவின் அல்கோவா விரிகுடாவில் வந்திறங்கினார். வைரச் சுரங்கப் பகுதிக்குச் செல்லும் வழியிலேயே இவரிடமிருந்த நல்ல இரட்டைக்குழல் துப்பாக்கி களவு போனது. அதன்பின் மலிவான துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டு வடக்கு நோக்கிப் பயணித்தார்.

1872இல் இவ்வழியில் ஒட்டகச்சிவிங்கிகளைத் துரத்திச் சென்று துணைவர்களைப் பிரிந்தார். குதிரையையும் இழந்து பல நாட்கள் உணவும் நீருமின்றி அலைந்தார். கையில் துப்பாக்கி இருப்பதால் மட்டும் காட்டில் வயிறு நிறைந்துவிடாது என்பதைத் தொடக்கத்திலேயே இவர் அறிந்துகொள்ள நேர்ந்தது.

அதே ஆண்டில் புலவாயோவில் மட்டபெலே (நிடெபெலே) அரசர் லோபெங்குலாவைச் சந்தித்து யானை வேட்டைக்கு அனுமதி கேட்டார். அரசர் இவரைச் சிறுவன் என்று எண்ணி நகைத்தார். சிறு மான்களைச் சுடவா வந்தாய் என்ற பொருளில் கேலி செய்தார். எனினும் விரும்பிய இடத்தில் வேட்டையாட அனுமதி கிடைத்தது. அந்நாட்டில் அரசரின் இசைவின்றி அயலார் வேட்டையாட இயலாது. 1883 அளவில், நீர்யானைகள் கொல்லப்பட்ட விவகாரத்தில் செலூசுக்கே அபராதம் விதிக்கப்பட்டது. காட்டு விலங்குகள் உரிமையாளர் இல்லாத பொருள் என்று ஐரோப்பியர் பலர் எழுதிவந்த காலத்தில், அங்கு தெளிவான சட்டமும் அதை நடைமுறைப்படுத்தும் அரசும் இருந்தன என்பதற்கு இது சான்றாகும்.

நான்கு போர் துப்பாக்கிகள்

இக்காலத்தில் செலூஸ் பயன்படுத்தியவை பர்மிங்காம் நகரின் ஐசக் ஹோலிஸ் செய்த இரண்டு நான்கு போர் துப்பாக்கிகள். ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை உருண்டைக் குண்டுகள் வார்க்கலாம் என்பதே அக்காலத் துப்பாக்கிகளின் போர் அளவாகும். நான்கு போர் துப்பாக்கியின் குண்டு ஒன்று கால் பவுண்டு, அதாவது ஏறத்தாழ 113 கிராம் எடையுள்ளது. குழலின் விட்டம் ஒரு அங்குலத்திற்குச் சற்று மிகுதி. இவை வாத்து சுடுவதற்கான மலிவுத் துப்பாக்கிகளின் வகையைச் சேர்ந்தவை. குழலின் வாய்ப்பக்கமாக மருந்து இட வேண்டியவை. உட்புறத்தில் சுழல் வரிப்பள்ளங்கள் இல்லாதவை. இடுப்பில் கட்டிய தோல் பையிலிருந்து கருமருந்தைக் கையால் அள்ளி, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 35 கிராம் அளவுக்கு உள்ளே கொட்டி, அதன் மேல் குண்டைப் போடுவது வழக்கம்.

1872 முதல் 1874 வரை இத்துப்பாக்கிகளைக் கொண்டு 78 யானைகளைச் சுட்டார். செட்சி ஈக்கள் நிறைந்த பகுதிகளில் குதிரையும் எருதும் நோயுற்று இறந்துவிடும். ஆகையால் அங்கு நடந்தே வேட்டையாடினார். பருத்திச் சட்டை, தோல் வார், தொப்பி, காலணி ஆகியவற்றுடன் வெறுங்காலாகத் தொடை தெரிய ஓடுவது இவரது வழக்கம்.

இத்துப்பாக்கிகளின் பின்னுதைப்பு மிகக் கடுமையானது. ஒருமுறை துப்பாக்கி வெடிக்காமல் போனது. அதைச் சுமந்தவர், முன்பு இட்ட மருந்து உள்ளே இருப்பதைக் கவனியாமல் மீண்டும் ஒருமுறை மருந்தும் குண்டும் இட்டுவிட்டார். செலூஸ் அதைச் சுட்டபோது தரையிலிருந்து தூக்கியெறியப்பட்டு முகம் குப்புற விழுந்தார். துப்பாக்கி அவரது தோளுக்கு மேலாகப் பின்னால் பறந்து சென்றது. கன்னத்தில் ஆழமான காயம் ஏற்பட்டது. வலது கையைத் தூக்க இயலவில்லை. யானைக் காதின் உட்தோலைப் பச்சையாகச் சுற்றி இறுக்கியிருந்த துப்பாக்கியின் மரக்கட்டை சிதறிப் போனது. இந்தத் துப்பாக்கிகளைச் சுட்டுப் பழகியதால் தம் நரம்புகள் தளர்ந்து, பிற்காலத்தில் குறி தவறுவதற்கு அதுவே காரணமாயிற்று என்று செலூஸ் கருதினார். தாம் குறிபார்த்துச் சுடுவதில் தலைசிறந்தவர் அல்லர் என்பதை இவர் மறைத்ததில்லை. இவரது வலிமை குதிரையேற்றத்திலும், தடம் பின்பற்றுவதிலும், களைப்பறியாமல் நடப்பதிலும் இருந்தது.

இறைச்சிக்கான மறிமான் வேட்டை

ஒரு வேட்டைக் குழு என்பது துப்பாக்கி ஏந்திய ஒருவர் மட்டுமன்று. வண்டியோட்டி, எருதுகளை நடத்துவோர், துப்பாக்கி சுமப்போர், தடம் பார்ப்போர், சுமைகாரர், சமையற்காரர் எனப் பலர் உடன் சென்றனர். பருவம் முழுவதும் கடைகளோ சந்தைகளோ இல்லாத நாட்டில் மாதக்கணக்கில் தங்க வேண்டியிருந்தது. தானியத்தை ஊர்களில் மணிகளுக்கும் துணிக்கும் மாற்றி வாங்கினர். பல இடங்களில் பணத்தை விட இறைச்சியே விலை போகும் பண்டமாக இருந்தது. தடம் பார்ப்பதில் நிகரற்றவர்களான சான் மக்கள் இறைச்சிக்காகவே குழுவுடன் வந்தனர். யானை வீழ்ந்த செய்தி பரவினால் சுற்றுப்புற ஊர்களிலிருந்து ஆணும் பெண்ணும் கத்தியும் கூடையுமாக வந்து சேருவர். ஆனால் யானை நாள்தோறும் கிடைப்பதில்லை. இடைப்பட்ட நாட்களுக்கு மறிமான்தான் உணவு.

மறிமான்களுள் வேட்டைக்காரர்கள் முதலில் தேடியது ஈலாந்து. மாட்டைப் போன்ற உடலும், கழுத்தின் கீழ் தொங்கும் அலைதாடியும், திருகிய கொம்புகளும் கொண்ட இவ்விலங்கின் வளர்ந்த ஆண் 900 கிலோகிராம் வரை எடையிருக்கும். எலும்பு, தோல், குடல் நீங்க ஏறத்தாழ அதில் பாதி உணவாகும். இதனுடன் ஒப்பிட்டால் கூடூ 300, ரோன் 270, சேபிள் 230 கிலோகிராம் என்ற அளவிலேயே நிற்கும். எடையை விடவும் முக்கியமானது கொழுப்பு. பிற மறிமான்களின் இறைச்சி பெரும்பாலும் கொழுப்பற்றது. அதை மட்டுமே வாரக்கணக்கில் தின்பவர்களுக்கு எவ்வளவு உண்டாலும் பசி அடங்காது. கொழுப்பின் மீது தீராத வேட்கை உண்டாகும். நல்ல பருவத்தில் ஈலாந்தின் இதயத்தைச் சுற்றியும் வயிற்றினுள்ளும் கொழுப்பு திரண்டிருக்கும். அதை உருக்கிச் சமையலுக்குப் பயன்படுத்தினர். போயர் குடியேறிகள் அதிலிருந்து மெழுகுவர்த்தியும் சவர்க்காரமும் செய்தனர்.

கொழுத்த ஈலாந்து நீண்ட தூரம் விரைந்து ஓட இயலாதது. குதிரையில் துரத்தினால் சிறிது தூரத்திலேயே வாயில் நுரை தள்ளி, வியர்த்து, ஓட்டம் தளர்ந்து நடக்கத் தொடங்கும். இதையறிந்த தென்னாப்பிரிக்க வேட்டைக்காரர்கள் அதை உடனே சுடாமல், மாட்டை ஓட்டி வருவதைப் போலத் தங்கள் வண்டி நிற்கும் இடம் வரை ஓட்டி வந்து அங்கே சுடுவதும் உண்டு. அரை டன் இறைச்சியைச் சுமந்து வரும் வேலை இதனால் மிச்சமாயிற்று. வீரம் பற்றிய பேச்சுக்கு இதில் இடமில்லை. இது கசாப்புக்காரரின் கணக்கு. வேட்டை நூல்களைப் படிப்போர் சிங்கமும் யானையும் வரும் பக்கங்களையே நினைவில் வைப்பதால் இப்பகுதி பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

எல்லா மறிமான்களும் இவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை. கூடூ அடர்ந்த புதர்களுள் ஓசையின்றி மறைந்துவிடும். ஹார்ட்டிபீஸ்ட் நல்ல குதிரையையும் களைக்கச் செய்யும். காயமுற்ற சேபிள் ஆண், பின்னோக்கி வளைந்த நீண்ட கொம்புகளை வீசி வேட்டை நாய்களைக் கொன்றுவிடும். வில்டபீஸ்ட் குண்டு பட்ட பின்னும் நெடுந்தூரம் ஓடும் ஆற்றல் உடையது. குதிரை வீரர் விலங்கை நெருங்கியதும் சேணத்திலிருந்து குதித்திறங்கிச் சுட்டு, மீண்டும் ஏறித் தொடர்வார். ஓடும் குதிரையின் மேலிருந்தபடியே வாய்வழித் துப்பாக்கியில் மருந்திட்டு, வாயில் அடக்கி வைத்திருந்த குண்டை உள்ளே போடுவோரும் அக்காலத்தில் இருந்தனர். இத்தகைய வேட்டையில் காயத்துடன் தப்பிப் புதரில் இறந்து கழுகுகளுக்கும் கழுதைப்புலிகளுக்கும் இரையான விலங்குகளும் பல.

விலங்கு வீழ்ந்ததும் வேலை தொடங்கும். வெப்ப நாட்டில் இறைச்சி ஒரே நாளில் கெட்டுவிடும். முதலில் ஈரல், இதயம், எலும்பு மச்சை ஆகியவற்றை அங்கேயே தணலில் சுட்டு உண்பர். எஞ்சிய தசையைத் தசைநார்களின் போக்கில் நீண்ட கீற்றுகளாக அரிந்து, உப்பிட்டு, மரக்கிளைகளிலும் கொடிகளிலும் தொங்கவிட்டுக் காய வைப்பர். இது தென்னாப்பிரிக்காவில் பில்டோங் எனப்படும். தமிழ்நாட்டில் ஆட்டிறைச்சியில் செய்யப்படும் உப்புக்கண்டத்தை ஒத்தது. நன்கு காய்ந்த கீற்று, பச்சை இறைச்சியின் எடையில் சிறு பங்காகக் குறைந்து, பல மாதங்கள் கெடாமல் இருக்கும். காற்றும் வெயிலும் உள்ள வறண்ட குளிர்காலமே இதற்கு ஏற்றது. தென் ஆப்பிரிக்க வேட்டைப் பருவமும் அந்த மாதங்களிலேயே அமைந்திருந்தது. தோலும் வீணாவதில்லை. வார்களும் கயிறுகளும் காலணி அடித்தோலும் அதிலிருந்து செய்யப்பட்டன.

1877 முதல் 1880 வரையிலான காலத்தில் தாம் சுட்ட விலங்குகளின் பட்டியலைச் செலூஸ் தம் முதல் நூலில் தந்துள்ளார். அப்பட்டியல் 500ஐத் தாண்டுகிறது. இன்றைய வாசகருக்கு இது அதிர்ச்சி தரக்கூடியது. அவற்றுள் பெரும்பாலானவை யானையோ சிங்கமோ அல்ல. எருமைகளும் மறிமான்களும் போன்ற, உணவாகக்கூடிய விலங்குகளே ஆகும். குழுவினர் அனைவரும் இறைச்சியையே நம்பியிருந்த நிலையில் இந்த எண்ணிக்கை எவ்வாறு சேர்ந்தது என்பது விளங்கும். ஆயினும் உணவுத் தேவை ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடாது. வேட்டையின் இன்பமும் அதில் இருந்தது என்பதை அவரே மறுக்கவில்லை.

கிப்ஸ் துப்பாக்கி

1880களின் தொடக்கத்தில் செலூஸ் கருமருந்துத் துப்பாக்கிகளிலேயே மிகவும் முன்னேறிய ஒன்றுக்கு மாறினார். பிரிஸ்டல் நகரின் ஜார்ஜ் கிப்ஸ் நிறுவனம் செய்த .450 காலிபர் ஒற்றைக்குழல் ரைஃபிள் அது. இதன் பின்பூட்டு, இசுக்கொட்லாந்தைச் சேர்ந்த ஜான் ஃபார்க்கர்சன் 1872இல் காப்புரிமை பெற்ற அமைப்பாகும். கீழுள்ள நெம்புகோலை இழுத்தால் எஃகுக் கட்டை ஒன்று செங்குத்தாகக் கீழிறங்கிக் குழலின் பின்வாயைத் திறக்கும். தோட்டாவை இட்டு நெம்புகோலை ஏற்றினால் பூட்டிக்கொள்ளும். அமைப்பு எளியது, உறுதியானது. தூசும் மழையும் நிறைந்த காட்டில் அடிக்கடி பழுதாகாதது. குழலின் உட்பள்ளங்கள் வில்லியம் மெட்ஃபோர்ட் வகுத்த முறையில் ஆழமின்றி அமைந்திருந்தன. கருமருந்தின் கசடு அவற்றில் எளிதில் படிவதில்லை.

இதன் நீண்ட ஈயக்குண்டு, பழைய நான்கு போர் குண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானது. ஆயினும் அது கலப்பால் கடினமாக்கப்பட்டு, நீள வடிவில் இருந்ததால் நேராகவும் ஆழமாகவும் ஊடுருவியது. பெரிய மறிமான்களின் தோள் எலும்பைத் தாண்டி நுரையீரலையும் இதயத்தையும் எட்டியது. முன்பு பேரெடையால் செய்ததை இப்போது சரியான இடத்தில் படும் சிறு குண்டு செய்தது. வேட்டைக்காரரின் தோளும் தப்பியது. காயத்துடன் தப்பும் விலங்குகளும் குறைந்தன.

1890களில் புகையில்லா மருந்து பரவியபோது செலூஸ் .303 காலிபர் துப்பாக்கியையும், பின்னர் ஹாலண்ட் நிறுவனத்தின் .375 காலிபர் ரைஃபிளையும் பயன்படுத்தினார். பழையதே சிறந்தது என்று பிடிவாதம் பிடித்தவர் அல்லர் இவர். எனினும் துப்பாக்கி வரலாற்றில் இவர் பெயர் கிப்ஸ் ரைஃபிளுடனேயே இணைத்துப் பேசப்படுகிறது.

அருங்காட்சியகங்களுக்கான சேகரிப்பு

1880 அளவில் சாம்பேசி ஆற்றின் தெற்கே யானைகள் அருகிவிட்டன. எஞ்சியவை செட்சி ஈக்கள் நிறைந்த பகுதிகளுக்குள் ஒதுங்கின. யானை வேட்டையால் இனிப் பிழைக்க இயலாது என்ற நிலையில் செலூஸ் இங்கிலாந்து திரும்பினார். 1881இல் இவரது முதல் நூலான ஆப்பிரிக்காவில் ஒரு வேட்டைக்காரரின் அலைதல்கள் வெளிவந்து புகழ் தந்தது. அதே ஆண்டு மீண்டும் ஆப்பிரிக்கா சென்றவர், அருங்காட்சியகங்களுக்கு விலங்குகளின் தோல்களையும் எலும்புக்கூடுகளையும் பட்டாம்பூச்சிகளையும் சேகரித்து அனுப்பும் பணியில் ஈடுபட்டார். மசோனாலாந்தின் மன்யாமே ஆற்றுப் பகுதி இவரது முக்கியக் களமாக இருந்தது. ஒரே விலங்கின் தோலும் மண்டையோடும் அருங்காட்சியகத்திற்குச் சென்றன. இறைச்சி குழுவின் பானைக்குச் சென்றது.

மறிமான்களின் நிறமும் கோடுகளும் இடத்திற்கு இடம் மாறுவதை இவர் கூர்ந்து குறித்து வைத்தார். ஈலாந்தின் உடலிலுள்ள வெண்கோடுகள் தெற்கே மங்கியும் வடக்கே தெளிவாகவும் உள்ளன என்பது அக்காலத்தில் உயிரியலாளரிடையே விவாதிக்கப்பட்ட செய்தியாகும். சதுப்புநிலங்களில் வாழும் சித்தாத்துங்கா மறிமானின் ஒரு துணையினத்திற்கும், ஒரு கீரி இனத்திற்கும் இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.

1888இல் தாக்கப்படல்

1888இல் சாம்பேசிக்கு வடக்கே இலா மக்களின் நாட்டிற்குச் சென்றபோது, இவரது முகாம் இரவில் தாக்கப்பட்டது. இவருடன் வந்தவர்களில் 12 பேர் கொல்லப்பட்டனர். செலூஸ் இருளில் ஆற்றைக் கடந்து தப்பித் தனியே தெற்கு நோக்கி நடந்தார். வழியில் ஓர் ஊரில் தங்கியபோது கையிலிருந்த துப்பாக்கியும் களவாடப்பட்டது. பல நாட்களுக்குப் பின் எஞ்சிய ஆட்களுடன் சேர்ந்தார். இறந்தவர்களின் பெயர்கள் ஐரோப்பிய நூல்களில் அரிதாகவே இடம்பெறுகின்றன.

மசோனாலாந்தும் போர்களும்

1890இல் சிசில் ரோட்சின் பிரித்தானிய தென்னாப்பிரிக்கக் கம்பெனி மசோனாலாந்தைக் கைப்பற்ற முன்னோடிப் படை ஒன்றை அனுப்பியது. அதற்கு வழிகாட்டியாகச் செலூஸ் அமர்த்தப்பட்டார். லோபெங்குலாவின் முக்கிய ஊர்களைத் தவிர்த்துக் கிழக்கே வளைந்து செல்லும் வழியை இவர் தேர்ந்தெடுத்தார். நீர் எங்கே கிடைக்கும், வண்டி எங்கே ஏறும், எருதுகளைக் கொல்லும் ஈ எங்கே இருக்கும் என்பன எல்லாம் இவர் வேட்டையில் கற்றவை. காட்டை வெட்டி 400 மைலுக்கும் மேற்பட்ட பாதை அமைக்கப்பட்டது. படை போரின்றி முன்னேறி, செப்டம்பர் 12 அன்று பின்னர் சாலிஸ்பரி என வழங்கிய இடத்தை (இன்றைய அராரே) அடைந்தது. 18 ஆண்டுகளுக்கு முன் தமக்கு வேட்டை அனுமதி தந்த அரசரின் ஆதிக்கப் பகுதிக்குள் அயல் படையை அழைத்துச் சென்றவராகச் செலூஸ் ஆனார். மசோனா மக்கள் மட்டபெலே தாக்குதல்களால் துன்புற்றதைச் சுட்டி இவர் தம் செயலை நியாயப்படுத்தினார். ஆனால் கம்பெனி ஆட்சியில் அம்மக்களும் நிலத்தை இழந்தனர். 1896இல் அவர்களும் கிளர்ந்தெழுந்தனர்.

1893இல் நடந்த முதலாம் மட்டபெலே போரில் செலூஸ் காயமடைந்தார். அப்போரில் தோற்று வடக்கே பின்வாங்கிய லோபெங்குலா 1894இல் இறந்தார். 1893இல் வேந்திய புவியியல் கழகம் தனது தங்கப் பதக்கத்தைச் செலூசுக்கு அளித்தது. 1894இல் கிளாடிஸ் மாடி என்பவரை மணந்து, மனைவியுடன் மட்டபெலேலாந்தின் எசெக்ஸ்வேல் என்ற இடத்தில் குடியேறினார்.

1896இல் வெக்கை நோய் சாம்பேசியைக் கடந்து தெற்கே பரவியது. இந்நோய் மாடுகளோடு எருமை, ஈலாந்து, கூடூ ஆகியவற்றையும் பெருமளவில் அழித்தது. இருபது ஆண்டுகளாகத் துப்பாக்கிகள் குறைத்தவற்றுள் எஞ்சியவற்றைச் சில மாதங்களில் ஒரு நோய்க்கிருமி கொண்டுபோயிற்று. நோய் பரவலைத் தடுக்கும் முயற்சியில் செலூசும் ஈடுபடுத்தப்பட்டார். சில பகுதிகளில் இரத்தம் உறிஞ்ச விலங்குகள் இல்லாமல் செட்சி ஈக்களே மறைந்தன. மாடுகளை இழந்த மட்டபெலே மக்களின் துயரம், கம்பெனி ஆட்சியின் கட்டாய உழைப்பும் மாடு பறிப்பும் சேர்ந்து அதே ஆண்டு கிளர்ச்சியாக வெடித்தது. செலூசின் வீடு எரிக்கப்பட்டது. இவர் கம்பெனியின் பக்கம் நின்று போரிட்டு, அவ்வனுபவங்களை நூலாக வெளியிட்டார். ஆனால் 1899இல் தொடங்கிய போயர் போரை இவர் எதிர்த்தார். இளமையில் போயர்களுடன் பழகி அவர்களை மதித்தவர் என்பதால், அப்போர் தேவையற்றது என்று வெளிப்படையாகக் கூறினார். இது இங்கிலாந்தில் பலருக்கு உவப்பாக இல்லை.

இங்கிலாந்து வாழ்க்கை

1896க்குப் பின் சர்ரே மாவட்டத்தின் வொர்பிள்ஸ்டன் என்ற ஊரில் குடியமர்ந்த செலூஸ், தாம் சேகரித்த விலங்குகளைக் கொண்டு ஒரு தனி அருங்காட்சியகம் அமைத்தார். அங்கிருந்து ஆசியா மைனர், கனடா, யூக்கான், கிழக்கு ஆப்பிரிக்கா எனப் பல வேட்டைப் பயணங்கள் மேற்கொண்டார். 1911இல் மறிமான்களிலேயே பெரியதான பேரீலாந்தைத் தேடிச் சூடானின் பகர் எல் கசல் பகுதிக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது 59.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் இவரது நண்பர். 1909இல் ரூஸ்வெல்ட் மேற்கொண்ட ஆப்பிரிக்கப் பயணத்தைத் திட்டமிடச் செலூஸ் உதவியதுடன், நேப்பிள்சிலிருந்து மொம்பாசா வரை ஒரே கப்பலில் பயணித்தார். 1908இல் வெளிவந்த செலூசின் ஆப்பிரிக்க இயற்கைக் குறிப்புகள் என்ற நூலுக்கு ரூஸ்வெல்ட் முன்னுரை எழுதினார். விலங்குகளின் நிறமெல்லாம் பகைவரிடமிருந்து மறைவதற்கே என்ற கருத்தை இந்நூலில் செலூஸ் மறுத்தார். சிங்கம் இரவில் மோப்பத்தாலும் ஓசையாலும் வேட்டையாடும்போது நிறத்தால் என்ன பயன் என்பது அவரது வாதம். ரைடர் ஹக்கார்டு 1885இல் வெளியிட்ட புதினத்தின் நாயகன் ஆலன் குவாட்டர்மெயின், செலூசை முன்மாதிரியாகக் கொண்டவர் எனப் பலரும் கருதுகின்றனர்.

முதலாம் உலகப் போரும் இறப்பும்

1914இல் போர் மூண்டபோது படையில் சேர முன்வந்த செலூசை வயது கருதி முதலில் மறுத்தனர். 1915இல் வேந்திய பியூசிலியர்ஸ் படையின் 25ஆம் பட்டாலியனில் சேர்க்கப்பட்டார். வேட்டைக்காரர்களும் எல்லைப்புற வீரர்களும் நிறைந்த இப்படை, செருமானிய கிழக்கு ஆப்பிரிக்காவை எதிர்த்துப் போரிட அனுப்பப்பட்டது. இளைஞர்கள் பலர் மலேரியாவாலும் வயிற்றுக்கடுப்பாலும் வீழ்ந்தபோது, 60 வயதைக் கடந்த செலூஸ் நடையில் தளரவில்லை. கேப்டனாகப் பதவி உயர்ந்தார். 1916 செப்டம்பரில் இவருக்குச் சிறப்புச் சேவைப் பதக்கம் வழங்கப்பட்டது. அவ்வாண்டு அறுவைச் சிகிச்சைக்காக இங்கிலாந்து சென்றவர், தேறியதும் போர்முனைக்குத் திரும்பினார்.

1917 ஜனவரி 4 அன்று, ரூபிஜி ஆற்றை அடுத்த பேகோ பேகோ என்ற இடத்தில் நடந்த மோதலில், மறைந்திருந்து சுட்ட எதிரி வீரரின் குண்டு பட்டு இறந்தார். அவருக்கு வயது 65. அங்கேயே ஒரு புளியமரத்தின் கீழ் அடக்கம் செய்யப்பட்டார். விமானப்படையில் பணியாற்றிய அவரது மூத்த மகன் பிரெடரிக், சரியாக ஓராண்டு கழித்து 1918 ஜனவரி 4 அன்று போரில் இறந்தார்.

நினைவுகள்

1919இல் கிளாடிஸ் செலூஸ், கணவரின் சேகரிப்பை இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற்கு வழங்கினார். அதில் 500க்கும் மேற்பட்ட பாலூட்டிகள் அடங்கும். 1920இல் அவ்வருங்காட்சியகத்தில், கையில் துப்பாக்கி ஏந்திய செலூசின் வெண்கலச் சிற்பம் திறந்து வைக்கப்பட்டது.

1922இல் அவர் வீழ்ந்த இடத்தைச் சூழ்ந்த வேட்டைக் காப்பகத்திற்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. தான்சானியாவிலுள்ள இந்தச் செலூஸ் காப்பகம் 1982இல் யுனெசுக்கோவின் உலக மரபுரிமைக் களமானது. யானைகள் கள்ளத்தனமாகப் பெருமளவில் கொல்லப்பட்டதால் 2014இல் ஆபத்திலுள்ள மரபுரிமைக் களங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1973 முதல் 1980 வரை இயங்கிய ரொடீசியாவின் சிறப்புப் படைப்பிரிவு ஒன்றுக்கும் இவரது பெயர் இடப்பட்டிருந்தது. விடுதலைப் போராளிகளுக்கு எதிரான அப்படையின் செயல்களால் சிம்பாப்வேயில் இப்பெயர் கசப்பான நினைவுகளையும் எழுப்புகிறது.

2019இல் காப்பகத்தின் வடபகுதி தனியே பிரிக்கப்பட்டு, தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவரின் பெயரால் நியெரெரே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தேசியப் பூங்காவில் வேட்டைக்கு அனுமதி இல்லை. பேகோ பேகோவிலுள்ள செலூசின் கல்லறை இப்பூங்காவின் எல்லைக்குள் அமைந்துள்ளது.